எல்லையோர ஊர்களும் பருவநிலை மாற்றமும்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கே: வெள்ளம் வறட்சியெல்லாம் எல்லா ஊருக்கும் வருது, எல்லையோரத்துக்கு மட்டும் என்ன சார் தனி ரிஸ்க்?

ப: எச்சரிக்கை வந்து சேர்றதுதான் பிரச்சனை. 2025 ஜூலை 8 விடிகாலை நேபாளத்துல ரசுவாகடிகிட்ட போட்டே கோசி ஆறு திடீர்னு பொங்கி, சீனாவுக்குப் போற மிதேரி பாலத்தையே அடிச்சிட்டு போயிடுச்சு. நேபாளப் பக்கம் பெருசா மழைகூட இல்ல. மேல திபெத்துல பனிப்பாறை மேல தேங்கியிருந்த ஏரி வடிஞ்சதுதான் காரணம்னு அப்புறம் சாட்டிலைட் படத்த வச்சுதான் சொன்னாங்க. கீழ இருக்கிறவங்க வானத்தப் பாத்துட்டு இருந்தா ஒண்ணுமே புரியாது, மேல இருந்து யாராவது போன் போட்டு சொல்லணும், ஆனா மேல இருக்கிறது வேற நாடு, அங்கதான் இடிக்குது.

கே: அண்ணா, சிக்கிம்ல நடந்ததும் இதே கதையா?

ப: ஏரி உடையுறதுல அதே கதைதான் தம்பி. 2023 அக்டோபர் 3 ராத்திரி தெற்கு லோனாக் ஏரிக்குள்ள கரை சரிஞ்சு விழுந்து, எழும்புன அலையில ஏரி உடைஞ்சு, சுங்தாங்ல இருந்த 1,200 மெகாவாட் டீஸ்டா-3 நீர்மின் அணையே காலி. அந்த டீஸ்டா ஆறு மேற்கு வங்கம் தாண்டி பங்களாதேஷுக்குள்ளதான் போகுது.

கே: பனி உருகினா எல்லைக்கோடே நகருமாமே, நெசமா?

ப: நெசம்தான். ஆல்ப்ஸ்ல இத்தாலி-சுவிஸ் எல்லை பல இடத்துல தண்ணி எந்தப் பக்கம் வழியுதுங்கறத வச்சுதான். தியோடுல் பனிப்பாறை உருகி அந்தக் கோடு நகர, ஒரு இத்தாலிய மலை விடுதி ரெண்டு நாட்டுக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. 2023ல பேசி முடிச்சாங்க, சுவிஸ் 2024ல ஒப்புதல் குடுத்துச்சு. கடல் பக்கமும் இப்படித்தான்: வங்கக்கடல்ல நியூ மூர் தீவுக்கு இந்தியாவும் பங்களாதேஷும் வருஷக்கணக்கா மல்லுக்கட்டினாங்க, 2010ல பாத்தா தீவே தண்ணிக்குள்ள!

கே: ஒப்பந்தம் இருந்தா போதாதா?

ப: இந்தியாவும் பாகிஸ்தானும் ஆத்துத் தண்ணிய பங்கு போட்டுக்கிற சிந்து ஒப்பந்தம் 1960ல போட்டது, பருவநிலை மாற்றம்னு ஒரு வார்த்தை அதுல கிடையாது. 2025 ஏப்ரல்ல இந்தியா அதையும் நிறுத்தி வச்சிடுச்சு. என்னைக் கேட்டா பங்குச் சண்டை ஒரு பக்கம் நடக்கட்டும், ஆத்துல எவ்ளோ தண்ணி வருதுங்கற தகவல மட்டும் எந்த அரசாங்கமும் எப்பவும் நிறுத்தவே கூடாது.

கே: வேலி போடறதால மிருகங்களுக்கு பாதிப்பு உண்டா?

ப: கண்டிப்பா. போலந்து 2022ல பெலாரஸ் எல்லையில 186 கிலோமீட்டர் இரும்பு வேலி போட்டுச்சு, அது பியாலோவியேஜா காட்டையே ரெண்டா வெட்டுது. வெயில் ஏற ஏற மிருகம் இடம் மாறியாகணும், பாஸ்போர்ட் எங்க போய் வாங்கும்?