எந்தக் காற்றில் எந்தக் கரை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் இராமேஸ்வரத்தில் விசைப்படகு வைத்துத் தொழில் செய்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டுமே எனக்குக் குடும்பத்தோடு வெளியூர் செல்ல ஓய்வு கிடைக்கிறது. மே இறுதியில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு வாரம் தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். மற்ற மாதங்களைவிட அப்போது கட்டணம் வெகுவாகக் குறைவு என்கிறார் பயண முகவர். போகலாமா?

பதில்: கட்டணம் ஏன் குறைகிறது என்பதை முகவர் சொல்லவில்லை போலிருக்கிறது. மே மாதத்தில் எழும் தென்மேற்குப் பருவக்காற்று, அதாவது நம் கரையில் கச்சான் என்று அழைக்கப்படும் அதே காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையை இறக்கிவிட்டு வருவதால் இராமநாதபுரத்துக்கு வறண்ட காற்றாகவே வந்து சேருகிறது. ஆனால் அந்தமான் கடலைக் கடந்து புக்கெட், கிராபி கரைகளைத் தொடும்போது அது மீண்டும் ஈரத்தைச் சுமந்துகொண்டுதான் போகிறது. அங்கே மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். கடற்கரைகளில் சிவப்புக் கொடி ஏற்றிக் குளிக்கத் தடை விதிப்பார்கள். புகழ்பெற்ற சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை பயணிகளுக்கு மூடியே விடுகிறார்கள். எல்லா நாளும் மழை பெய்யும் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் கடலைப் பார்க்கப் போய் விடுதி அறைக்குள் அமர்ந்திருப்பதற்கு இராமேஸ்வரத்திலிருந்து அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை: கச்சான் வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாவாகிய ஆண் கடல் பொங்கும்போது பாக் நீரிணையாகிய பெண் கடல் அடங்கியிருக்கும், வடகிழக்குக் காற்றாகிய வாடை தொடங்கினால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். மலாய்த் தீபகற்பத்தின் இரு கரைகளும் அப்படித்தான். மே மாதத்தில் புக்கெட் இருக்கும் மேற்குக் கரை காற்றை எதிர்கொள்கிறது, கிழக்குக் கரை மறைவில் இருக்கிறது. ஆகவே மலேசியாவின் கிழக்குப் பக்கத்தில் உள்ள பெர்ஹெந்தியான் அல்லது ரெடாங் தீவுகளையே உங்களுக்குப் பரிந்துரைப்பேன். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் கோத்தா பாரு சென்று, சாலை வழியாகக் கோலா பெசுட் படகுத்துறையை அடைந்தால், பெர்ஹெந்தியானுக்கு விரைவுப் படகுகள் புறப்படுகின்றன. அந்த மாதத்தில் நீர் தெளிந்திருக்கும். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து கரையோரத்திலேயே பவளப்பாறைகளைப் பார்க்கலாம். நம் மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் நினைத்தபடி இறங்க முடியாததால், பவளத்தின் பக்கத்திலேயே வளர்ந்தும் அதை உயிரோடு பார்த்திராத நம் பிள்ளைகளுக்கு இது ஒன்றே போதும் என்பேன்.

இந்தத் தீவுகள் இருக்கும் பக்கத்தில் உள்ள கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால், தீவில் தங்குவதை ஞாயிறு முதல் வியாழனுக்குள் வைத்துக்கொண்டால் கூட்டம் குறையும். பாலித் தீவும் அப்போது வறண்ட காலத்தில்தான் இருக்கிறது. ஆனால் இறங்கியவுடன் பெறும் விசாவுக்கு 5 லட்சம் ரூபியா, சுற்றுலா வரியாக 1.5 லட்சம் ரூபியா என்று நால்வருக்கும் தனித்தனியே கட்ட வேண்டியிருக்கும். மலேசியா இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா விலக்கு அளிக்கிறது. 2023 டிசம்பரில் தொடங்கிய இச்சலுகை 2026 டிசம்பர் 31 வரை அறிவிக்கப்பட்டுள்ளது. அதன் பிறகு செல்வோர் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே நிலவரத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். சிறுவர்களுக்கு 5 ஆண்டுகளுக்குத்தான் அது வழங்கப்படுகிறது. பயண நாளில் குறைந்தது 6 மாதம் செல்லுபடி மீதமில்லை என்றால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் மாமனார், மாமியாரோடு ஏழு பேராகச் செல்ல விரும்புகிறோம். ஹலால் உணவு எளிதில் கிடைக்க வேண்டும். பெரியவர்கள் அதிகம் அலையக் கூடாது. பிள்ளைகள் பெர்ஹெந்தியான் தீவைக் கேட்கிறார்கள். – கீழக்கரை வாசகி ஒருவர்

பதில்: முந்தைய பதிலை அப்படியே திருப்பிப் போட வேண்டும். டிசம்பரில் வீசுவது வாடை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் பெரும்பாலான விடுதிகள் மூடப்பட்டுப் படகுப் போக்குவரத்தும் நின்றுவிடும். தித்திவாங்சா மலைத்தொடர் அந்தக் காற்றைத் தடுத்து நிறுத்துவதால் மேற்குக் கரையில் லங்காவி வெயிலோடும் அமைதியான கடலோடும் இருக்கும். பிள்ளைகளின் ஆசையை அங்கே நிறைவேற்றுங்கள்.

பெரியவர்களுக்கு நான் பினாங்கைத்தான் சொல்வேன். 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ஜார்ஜ் டவுனில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சூலியா தெருவில் நாகூர் தர்காவின் பெயரால் அமைந்த சிறு தர்காவும் சிறிது நேரம் நடந்தாலே எட்டிவிடும் தொலைவில் இருக்கின்றன. நம் மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள் அங்கே பல உண்டு. உங்கள் மாமனாருக்கே தெரிந்த வீடு ஒன்று இருந்தால் வியப்பதற்கில்லை. நாசி கந்தார் எனப்படும் தமிழ் முஸ்லிம் சோற்றுக் கடைகளில் ஹலால் பற்றிய கவலையே எழாது, மொழிக் கவலையும் பெரும்பாலும் எழாது. ஒரு நாள் கார் எடுத்துக்கொண்டு கெடா மாநிலத்தின் புஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கும் சென்று வாருங்கள். 1025-இல் இராஜேந்திர சோழனின் படை சென்ற கடாரம் அந்தப் பகுதிதான் என்பதால், பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளைகளுக்கு அது வெறும் கற்குவியலாகத் தெரியாது.

ஏழு பேருக்கும் மலேசிய வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். சென்று சேரும் நாளுக்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்பினால் போதும். அது முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அன்று.

கேள்வி: பத்தாம் வகுப்பு முடிக்காததால் என் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை, அதாவது ‘ஈ.சி.ஆர்.’ என்று இருக்கிறது. நண்பர்களோடு தாய்லாந்துக்குச் சுற்றுலா செல்ல அனுமதிப்பார்களா? – பாம்பன் வாசகர்

பதில்: அனுமதிப்பார்கள். குடியேற்ற அனுமதி வேலைக்குச் செல்வோருக்கு உரியது, சுற்றுலாப் பயணிகளுக்கு அன்று. ஆனால் அந்த விதி பொருந்தும் 18 நாடுகளின் பட்டியலில் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா ஆகிய மூன்றும் இருப்பதால், விமான நிலையத்தில் அதிகாரி கூடுதலாக விசாரிப்பது இயல்பு. திரும்பி வருவதற்கான பயணச்சீட்டு, விடுதி முன்பதிவு, செலவுக்குப் போதிய பணம் ஆகியவற்றுக்கான சான்றுகளை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். கைபேசியில் இருக்கிறது என்று தேடிக்கொண்டு நிற்காதீர்கள். வியட்நாமும் கம்போடியாவும் அந்தப் பட்டியலில் இல்லை.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘சுற்றுலாவாக வாருங்கள், அங்கேயே கணினி வேலை பார்த்துத் தருகிறோம்’ என்று யாரேனும் செலவை ஏற்றுக்கொள்ள முன்வந்தால் அந்தப் பயணத்தை அன்றே கைவிடுங்கள். இப்படித் தாய்லாந்து வழியாக மியான்மருக்கும், வேறு வழிகளில் கம்போடியாவுக்கும் லாவோசுக்கும் கொண்டு செல்லப்பட்ட இந்திய இளைஞர்கள் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டு, நம் தூதரகங்கள் தலையிட்டு மீட்க வேண்டிய நிலை ஏற்பட்டிருக்கிறது.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாங்கள்; சைவ உணவினர். கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலைப் பார்க்க எந்த மாதம் ஏற்றது? – இராமநாதபுரம் தம்பதியர்

பதில்: டிசம்பர் அல்லது ஜனவரி. ஏப்ரல் வெயில் நம் ஊர் வெயிலுக்குச் சற்றும் இளைத்ததன்று. கோயில்களுக்கு இடையே நிழலும் குறைவு. நுழைவுச்சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62 டாலர் என்பதால் மூன்று நாள் சீட்டே இலாபம், முழங்காலுக்கும் அதுவே நல்லது. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூர்யவர்மன் திருமாலுக்கு எழுப்பிய அந்தக் கோயிலில், பாற்கடல் கடையும் நீண்ட புடைப்புச் சிற்பத்துக்கு மட்டுமே ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். புதிய விமான நிலையம் வெகு தொலைவில் அமைந்துள்ளதால் விடுதியிலிருந்து வண்டியை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. உணவில் காய்கறி மட்டும் என்றாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். அதைத் தவிர்க்கும்படி ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: லங்காவியில் மூட்டுவலிக்குக் கடல் அட்டை எண்ணெய் விற்கிறார்களாமே, வாங்கி வரலாமா? சிப்பி, பவளம்? – மண்டபம் வாசகர்

பதில்: கூடாது. கடல் அட்டையும் பவளமும் 2001 முதல் நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை என்பதை மண்டபத்தில் இருப்பவர் அறியாதவர் அல்லர். அங்கே கடையில் வெளிப்படையாக விற்கும் பொருள் இங்கே சுங்க அதிகாரியின் மேசையில் குற்றப்பொருளாகிவிடும். பவளத்துக்குப் பன்னாட்டுக் கட்டுப்பாடும் உண்டு. சிப்பிகளிலும் பாதுகாக்கப்பட்டவை உள்ளதால் அவற்றையும் விட்டுவிடுங்கள். மூலிகைத் தைலங்கள் வாங்குவதானால் குப்பியின் மேல் உட்பொருள்களின் பெயரைப் படித்துப் பார்த்து, கடல் அட்டையின் மலாய்ப் பெயரான ‘கமாட்’ என்று இருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.