கிட்டார் கம்பியில் ஆர்கனும் முகவீணையும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், வீட்டில் உட்கார்ந்தபடி ஒரே கிட்டாரில் குழல், வயலின், ஆர்கன் எல்லாம் வாசிக்கலாம் என்று நாலு வரி எழுதியிருந்தேன். காட்பாடியில் என்னிடம் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் கேட்பதையே கடிதங்களிலும் பலர் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த மாதம் முழுக்க கிட்டார் சிந்தசைசர்தான், அதாவது கிட்டார் கம்பியில் வாசிப்பதை வேறு வாத்தியமாக ஒலிக்க வைக்கும் ஏற்பாடு.

சார், என்னிடம் சாதாரண எலக்ட்ரிக் கிட்டாரும் ஒரு லேப்டாப்பும் இருக்கின்றன. குழல், வயலின் சத்தமெல்லாம் வர என்ன வாங்க வேண்டும்?
கல்லூரி மாணவர், குடியாத்தம்

தம்பி, பெரிதாக எதுவும் வாங்கிவிடாதீர்கள். கையில் இருப்பதை வைத்தே ஆரம்பிக்கலாம்.

கிட்டாரை லேப்டாப்பில் சேர்க்க ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். இந்த ஒரு செலவைத் தவிர்க்க முடியாது. லேப்டாப்பின் மைக் துளையில் கிட்டார் ஒயரைச் சொருகினால் சத்தமும் மங்கும், தாமதமும் கூடும். அப்புறம் ஜாம் ஆரிஜின் நிறுவனத்தின் 'மிடி கிட்டார்' மென்பொருளின் சோதனைப் பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். சாதாரண பிக்கப்பில் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் உறுப்பு) இருந்து வரும் சத்தத்தைக் கேட்டு, எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம் என்று கணித்து, அதை மின்னணு வாத்தியங்கள் பேசிக்கொள்ளும் 'மிடி' தகவலாக மாற்றித் தரும். அந்தத் தகவலை வாங்கிக்கொண்டு குழலாகவோ வயலினாகவோ ஒலிப்பது சாம்ப்ளர். ப்ளோக் நிறுவனத்தின் 'ஸ்ஃபோர்சாண்டோ' என்ற சாம்ப்ளர் இலவசம். இன்டர்ஃபேஸில் பஃபர் அளவை (லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்து வாங்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) 128 என்று வையுங்கள். 44,100 மாதிரி வேகத்தில் அது ஏறக்குறைய 3 மில்லி விநாடி. லேப்டாப் திணறி 'கிர்கிர்' என்றால் 256க்குப் போங்கள்.

இரண்டாவது வழி, காலடியில் வைக்கும் பெடல். பாஸ் எஸ்ஒய்-1 பெடலில் 121 சத்தங்கள் உண்டு. தனி பிக்கப் தேவையில்லை, வாசித்த உடனே பதில் சொல்லும். ஆனால் அதில் கிடைப்பது சிந்த் சத்தமும் ஆர்கன் சாயலும்தான். கண்ணை மூடிக் கேட்டால் குழல் என்று நம்பும்படி இருக்காது. நீங்கள் குழலும் வயலினும் கேட்டிருப்பதால் அது உங்களுக்கு வேண்டாம்.

மூன்றாவதுதான் முழுமையான வழி. சாதாரண பிக்கப் ஆறு கம்பிகளின் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து ஒரே ஒயரில் அனுப்பும். ரோலண்ட் ஜிகே-3 போன்ற பிக்கப் ஆறு கம்பிக்கும் ஆறு தனிக் காது வைத்து, 13 முனை கேபிளில் தனித்தனியாக அனுப்பும். அதை வாங்கி வாத்திய சத்தமாக்கும் சிந்தசைசர் பெட்டிக்குக் குழப்பமே இல்லை. 2011ல் வந்த ரோலண்ட் ஜிஆர்-55 பெட்டியில் 900க்கும் மேற்பட்ட வாத்திய சத்தங்கள் இருந்தன. கிட்டாரின் உடலில் துளை போடாமல் ஒட்டுநாடாவிலேயே பிக்கப்பைப் பொருத்தலாம்.

பொருத்துவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிக்கப், பிரிட்ஜுக்கு (கிட்டாரின் உடலில் கம்பிகள் தாங்கி நிற்கும் பாலம்) எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும். கடைசி ஃபிரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்தால், கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவில் 1 மில்லி மீட்டர் இடைவெளி. அப்புறம் பெட்டிக்குள் போய், கிட்டாரின் கம்பி நீளத்தையும் (ஸ்ட்ராட் வகைக்கு 648 மில்லி மீட்டர்), ஆறு கம்பிக்கும் தனித்தனியாக உணர்திறனையும் சரிசெய்ய வேண்டும். இந்த வேலையைச் செய்யாமல் 'பெட்டி சரியில்லை' என்று விற்றுவிடுகிறவர்கள் அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒதுக்குங்கள், போதும்.

முதல் வழியில் ஆரம்பியுங்கள். ஒரு நேரத்தில் ஒரே கம்பி என்று வாசித்துப் பழகுங்கள். கை சுத்தமான பிறகு மூன்றாவது வழியைப் பற்றி யோசிக்கலாம்.

மேல் கம்பிகளில் சத்தம் உடனே வருகிறது. தடித்த கம்பியில் மட்டும் பின்தங்குகிறது. மென்பொருளில் கோளாறா?
சத்துவாச்சாரி வாசகர்

கோளாறு இல்லை, இயற்பியல். ஒரு சுரத்தை அடையாளம் காண, கம்பி குறைந்தது ஒரு முழு அதிர்வாவது அதிர்வதைப் பெட்டி பார்க்க வேண்டும். தடித்த ஈ கம்பி விநாடிக்கு ஏறக்குறைய 82 முறை அதிர்கிறது. ஓர் அதிர்வுக்கே 12 மில்லி விநாடி. உறுதி செய்துகொள்ள இரண்டு அதிர்வு கேட்டால் 24. மெல்லிய ஈ கம்பி விநாடிக்கு 330 முறை அதிர்வதால் 3 மில்லி விநாடியில் வேலை முடிந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இந்தக் கணக்கை யாராலும் ஏமாற்ற முடியாது.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. பேஸ் கிட்டார், செல்லோ போன்ற கீழ் சத்தம் வேண்டுமென்றால் தடித்த கம்பியைத் தொடாதீர்கள். மெல்லிய கம்பிகளில் வாசித்து, பெட்டியில் ஒன்றோ இரண்டோ ஸ்தாயி கீழே இறக்குங்கள். தடித்த கம்பியில் வாசித்தே ஆக வேண்டுமென்றால் மெதுவாக எழும் சத்தத்தை, வயலின் கூட்டம் மாதிரி, அங்கே வையுங்கள். தாமதம் காதுக்குத் தெரியாது.

நைலான் கம்பி கிட்டாரில் ஜிகே பிக்கப் போடலாமா?
வாலாஜா வாசகர்

முடியாது. அது காந்த பிக்கப், இரும்புக் கம்பியை மட்டுமே உணரும். நைலான் கம்பிக்குப் பிரிட்ஜிலேயே பீசோ உணர்விகள் பதித்த கிட்டார்கள் தனியாக வருகின்றன.

எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசித்த அண்ணன் வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டார். கிட்டாரில் ஆர்கன் சத்தம் வைத்துப் பார்த்தேன், பாடகர் குழுவுக்கு ஒட்டவே இல்லை. டிசம்பருக்குள் சரிசெய்ய முடியுமா?
வேலூர் தோட்டப்பாளையம் வாசகி

தாராளமாக முடியும் அம்மா. சத்தத்தில் குறையில்லை, உங்கள் வலது கைதான் 'நான் கிட்டார்' என்று காட்டிக்கொடுக்கிறது. கிட்டார் வாசிக்கிறவர்கள் கார்டை மேலிருந்து கீழே வருடுவோம். ஆறு சுரமும் ஒன்றன்பின் ஒன்றாக விழும். ஆர்கன் வாசிக்கிறவர் நாலு விரலையும் ஒரே நொடியில் அழுத்துவார். ஆகவே பிக்கைக் கீழே வைத்துவிட்டு, கட்டை விரலும் மூன்று விரல்களுமாக நாலு கம்பியை ஒரே சமயத்தில் கிள்ளுங்கள். நாலு குரல் கீர்த்தனைக்கு நாலு கம்பி போதும். மீதி இரண்டு கம்பியும் அதிராதபடி உள்ளங்கையை வையுங்கள். அவை சும்மா அதிர்ந்தாலும் பெட்டி அதையும் சுரமாக எடுத்துக்கொண்டு கத்தும்.

ஆர்கனில் மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே சத்தம். பெட்டியில் விசைக்கு ஏற்ப சத்தம் கூடிக்குறையும் அமைப்பை அந்தச் சத்தத்துக்கு மட்டும் அணைத்துவிடுங்கள். ஏற்ற இறக்கத்தை வால்யூம் பெடலில் காலால் கொடுங்கள். இன்னொன்று, கம்பி அடங்கினால் சுரமும் நின்றுபோகும். கார்டு நீண்டு நிற்க வேண்டிய இடத்தில் ஹோல்டு பெடலை மிதித்துக்கொண்டே அடுத்த கார்டுக்கு விரலைத் தயார் செய்யலாம். பெரிய பெட்டி வாங்க வசதியில்லை என்றால் எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் பி9 பெடல் ஒன்றே போதும். ஒன்பது வகை ஆர்கன் சத்தம், சாதாரண பிக்கப்பிலேயே வேலை செய்யும். ஆகஸ்டில் இருந்து பழகினால் கேரல் பாடல்களுக்குத் தயாராகிவிடுவீர்கள்.

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில், நாகஸ்வரம் மாதிரி ஊதும் சின்ன வாத்தியமான முகவீணை கேட்டு வளர்ந்தவன் நான். எந்தப் பெட்டியிலும் அந்தச் சத்தம் இல்லை. ஷெனாய்தான் இருக்கிறது. கிட்டாரில் முகவீணை கொண்டுவர வழி உண்டா?
செய்யாறு வாசகர்

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று வேறு எதையும் எழுத மனம் வரவில்லை. பழைய வட ஆற்காட்டுக்காரன் ஒவ்வொருவன் காதிலும் அந்தச் சத்தம் இருக்கிறது. நடுராத்திரியில் கூத்தாடுபவர் குரலை மேலே தூக்க, அதற்கும் மேலே ஏறி நிற்கும் அந்தச் சின்ன ஊதல். மிடி உலகத்தின் பொதுப் பட்டியலில் 105 சிதார், 112 ஷெனாய். நாகஸ்வரமும் இல்லை, முகவீணையும் இல்லை. அதற்காக விட்டுவிட வேண்டாம், வழி இருக்கிறது.

முதலில் ஷெனாயை வைத்தே கையைப் பழக்குங்கள். ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி, எதிரொலியை முழுக்க எடுத்துவிடுங்கள். கூத்து நடப்பது திறந்த வெளியில், அங்கே மண்டபத்தின் முழக்கம் கிடையாது. ஒரே கம்பியில் மேலும் கீழும் போய் வாசியுங்கள். கம்பி மாறும்போதெல்லாம் சுரம் புதிதாக முளைக்கும், ஊதுகிறவரின் இழுவை அறுந்துவிடும். முக்கியமாக மூச்சு. ஊதுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் நீங்களும் நிறுத்த வேண்டும். வாசிக்கும்போது நீங்களே வாயால் ஊதுவதுபோல் மூச்சை விட்டுக்கொண்டு வாசியுங்கள், மூச்சு தீரும் இடத்தில் கை தானாக நிற்கும். என் மாணவர்கள் எல்லோரையும் இப்படித்தான் பழக்குகிறேன். சத்தத்தை மாற்றாமலேயே வாசிப்பு மாறிவிடுகிறது.

அடுத்தது கமகம். கிட்டார் பக்கம் பிட்ச் பெண்ட் அளவு (சுரத்தை அதிகபட்சம் எவ்வளவு வளைக்கலாம் என்பது) 12 அரைச்சுரம் என்றும், சாம்ப்ளர் பக்கம் வழக்கமான 2 என்றும் இருந்தால், நீங்கள் கம்பியை ஓர் அரைச்சுரம் இழுத்தாலும் அதில் ஆறில் ஒரு பங்குதான் கேட்கும். கமகம் செத்துவிடும். இரண்டு பக்கமும் 12 என்று வையுங்கள். 'குரோமாட்டிக்' என்று ஓர் அமைப்பு இருந்தால் அணையுங்கள். அது நடுவில் உள்ள நுண்சுரங்களையெல்லாம் பக்கத்து ஃபிரெட்டுக்கு இழுத்துப் போட்டு, நம் இசையைக் கீபோர்டாக்கிவிடும்.

இனி உண்மையான முகவீணை. உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே கூத்து ஜமாக்கள் இருக்கின்றன. ஒரு கலைஞரைக் கேட்டு, ஒரு ராத்திரிக் கூத்துக்கு என்ன வாங்குவாரோ அதைக் கொடுத்து, பகலில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். எதற்காகப் பதிவு செய்கிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சீசன் இல்லாத மாதமாகப் பார்த்துப் போனால் அவருக்கும் வசதி. அறையில் ஜன்னலை மூடி, சுவரில் போர்வை தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திவிடுங்கள். மைக் வாய்க்கு நேரே வேண்டாம், கொஞ்சம் பக்கவாட்டில். ஒவ்வொரு சுரத்தையும் ஐந்தாறு விநாடி, அசைக்காமல், நேராக ஊதச் சொல்லுங்கள். அவருக்கு இது அலுப்பாக இருக்கும், கை தானாகக் கமகத்துக்குப் போகும். ஆனால் பதிவிலேயே ஆட்டம் இருந்தால் உங்கள் விரல் ஆட்டத்தோடு அது மோதும். நேரான சுரமாக இருந்தால்தான் கமகத்தை உங்கள் கம்பி கொடுக்கும். ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாக ஒரு முறை, ஓங்கி ஒரு முறை. எல்லாம் முடிந்ததும் அவர் விருப்பப்படி பத்து நிமிடம் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் பார்த்து வாசிக்க அதுதான் பாடம்.

பிறகு ஸ்ஃபோர்சாண்டோவில் ஏற்ற வேண்டும். அது படிக்கும் எஸ்எஃப்இசட் என்பது வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடிலேயே எழுதலாம். எந்த ஒலிக்கோப்பு, எந்தச் சுரத்தில் இருந்து எந்தச் சுரம் வரை, அதன் சொந்தச் சுரம் எது என்று பதிவுக்கு ஒரு வரி. எல்லாச் சுரமும் கிடைக்காவிட்டாலும் மூன்று அரைச்சுரத்துக்கு ஒரு பதிவு இருந்தால் இடைவெளியை மென்பொருள் நிரப்பிக்கொள்ளும். அதற்கு மேல் இழுத்தால் குரல் மாறிவிடும். நீண்ட சுரத்துக்காகப் பதிவின் நடுப்பகுதியைச் சுழல வைக்க வேண்டும். அது மட்டும் பொறுமையான வேலை, ஒட்டும் இடத்தில் 'டக்' என்ற சத்தம் கேட்காமல் போகும் வரை விடாதீர்கள்.

இதையெல்லாம் வீட்டில் பாட்டு அமைக்கவும் பதிவு செய்யவும் பயன்படுத்துங்கள். கோயில் களத்தில் முகவீணைக்காரரின் இடத்தில் கிட்டாரை வைக்காதீர்கள். அந்த இடம் அவருடையது.

ஹெட்போனில் எப்போதும் 'ம்ம்ம்' என்று இரைச்சல். கம்பியைத் தொட்டால் குறைகிறது.
ஆம்பூர் வாசகர்

பெரும்பாலும் எர்த். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் வாசித்துப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் சார்ஜர்தான். மூன்று முனை பிளக்கை இரண்டு முனை பாயின்ட்டில் செருகியிருந்தால் மாற்றுங்கள். அந்த பாயின்ட்டில் எர்த் ஒயர் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்ப்பது உங்கள் உயிருக்கும் நல்லது. மின்சாரம் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால், அந்த நேரத்தில் லேப்டாப் பேட்டரியிலேயே ஓடட்டும்.

மகள் எட்டாவது படிக்கிறாள், கிட்டார் ஆரம்பித்து ஆறு மாதம். இந்தப் பெட்டி கேட்டு அடம். வாங்கித் தரலாமா?
ஒரு தாய், ராணிப்பேட்டை

இப்போது வேண்டாம் அம்மா. பக்கத்துக் கம்பியை விரல் லேசாக உரசினாலும் அது வேறொரு வாத்தியமாகக் கத்தும், குழந்தைக்கு மனசு விட்டுப்போகும். பக்கத்துக் கம்பி அதிராமல் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக வாசிக்க வந்த பிறகு வாங்குங்கள். அதுவரை லேப்டாப்பில் சோதனைப் பதிப்பை அவளே விளையாடிப் பார்க்கட்டும். அடம் பிடிக்கிறாள் என்பதே நல்ல செய்திதான், தடுக்காதீர்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் எதைப் பார்க்க வேண்டும்?
ஆரணி வாசகர்

பிக்கப்பும் பெட்டியும் ஒரே தலைமுறையா என்று முதலில் பாருங்கள். ஜிகே-3க்கு 13 முனை கேபிள். 2023ல் வந்த பாஸ் ஜிஎம்-800 வேறு டிஜிட்டல் இணைப்பு, பழைய பிக்கப்பை அதில் சேர்க்க இடையில் ஜிகேசி-ஏடி என்ற மாற்றுப் பெட்டி தேவை. விற்பவர் வீட்டிலேயே, உங்கள் கிட்டாரைக் கொண்டுபோய், ஆறு கம்பியையும் ஒவ்வொன்றாகத் தட்டி, பெட்டித் திரையில் ஆறு அளவுகோலும் அசைகின்றனவா என்று பாருங்கள். ஒன்று அசையாவிட்டால் கேபிளை மாற்றி மறுபடி பாருங்கள், பல நேரம் பழுது கேபிளின் முனையில்தான் இருக்கும். அந்த 13 முனை கேபிள் வேலூர் கடைகளில் சட்டென்று கிடைக்காது. அதனால் நல்ல கேபிள் சேர்ந்து வந்தால் மட்டும் விலை பேசுங்கள்.