டிடிஎஸ் மீட்டரைக் காட்டி சாஃப்ட்னர் விற்கிறார்கள்: நம்பலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். வாளி, ஷவர் எல்லாம் வெள்ளைப் படிவு. சோப்பு நுரைப்பதே இல்லை. வீடு தேடி வந்த விற்பனையாளர் மீட்டரை நனைத்து 1,150 என்று காட்டினார். பிறகு இரண்டு டம்ளர்களில் கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சினார். எங்கள் தண்ணீர் பழுப்புக் கூழாகிவிட்டது. அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே நின்றது. கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவியை வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: முன்பணம் கொடுக்கவில்லையே? அந்தக் கூழ் கம்பியிலிருந்து வந்தது. மின்சாரம் பாயும்போது இரும்பு கரைந்து துருவாகத் திரள்கிறது. உப்புள்ள நீரில் மின்சாரம் தாராளமாகப் பாயும், ஆர்.ஓ. நீரில் பெயருக்குத்தான். அவர் மறுபடி வந்தால், அவருடைய டம்ளரில் இரண்டு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கம்பியை இறக்கச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகிவிடும். (அதற்குள் பெட்டியைக் கட்டிவிடுவார் என்பது என் கணிப்பு.)

மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் டிடிஎஸ் என்று அது கணிப்பது கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்தத்தை. உங்கள் வீட்டுப் படிவுக்கும் சோப்பு நுரைக்காததற்கும் காரணம் கடினத்தன்மை; அதைத் தருவது கால்சியமும் மக்னீசியமும். சாஃப்ட்னர் அவற்றைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. மொத்த உப்பு குறைவதில்லை. எந்த எண்ணைக் காட்டி உங்களைப் பயமுறுத்தினாரோ, அந்த எண்ணை அவர் விற்கும் கருவியால் இறக்கவே முடியாது.

கடினத்தன்மையைத் தனியாக அளக்க வேண்டும். சொட்டு முறைச் சோதனைப் பெட்டி கடைகளில் கிடைக்கிறது: சிவந்த நீர் நீலமாக மாறும் வரை சொட்டுகளை எண்ணினால் போதும். பெரிய செலவுக்கு முன் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பார்த்துவிடுவது நல்லது. இரும்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு அதிகமானால் சாஃப்ட்னருக்குள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடிக்கும் ரெசின் மணிகள் கெட்டுவிடும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரப்படி மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை அனுமதி.

கேள்வி: ஆய்வகத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 400 மி.கி. என்று வந்திருக்கிறது. வீட்டில் நான்கு பேர். 15 லிட்டர் ரெசினா, 25 லிட்டரா?
- வாசகர், திருப்பூர்

பதில்: குளிக்க, துவைக்க நாளுக்கு 500 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ரெசின் பிடிக்க வேண்டியது நாளுக்கு 200 கிராம். ஒரு லிட்டர் ரெசின் ஏறத்தாழ 50 கிராம் பிடிக்கும். ஆக, 25 லிட்டர் ஆறு நாள் தாங்கும். 15 லிட்டர் நான்கு நாள்கூடத் தாங்காது. அதன்பின் உப்புக் கரைசலால் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். எதை வாங்கினாலும் மாதம் 12 முதல் 18 கிலோ உப்பு பிடிக்கும். இந்தச் செலவைக் கடைக்காரர் சொன்னாரா?

கையால் வால்வு திருப்பும் வகை என்றால் பெரியதையே வாங்குங்கள். நான்கு நாளுக்கொரு முறை மாடியேறி உப்புப் போடும் உற்சாகம் இரண்டாம் மாதத்தில் வற்றிவிடும்; பிறகு அது மொட்டை மாடியில் வெறும் தொட்டிதான். சமையலறைக் குழாயை இதில் இணைக்காதீர்கள். உங்கள் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 180 மி.கி. சோடியம் கூடுகிறது, ரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆகாது. கழுவிய உப்பு நீரைத் தென்னைக்கும் விடக்கூடாது.

கேள்வி: குழாயில் மாட்டும் காந்தக் கருவி, தேற்றாங்கொட்டை இவை உதவுமா?

பதில்: தேற்றாங்கொட்டை கலங்கலைத் தெளிய வைக்கும், அவ்வளவே. காந்தம் கால்சியத்தை எடுக்காது. மாட்டுவதற்கு முன்னும் பின்னும் சொட்டுகளை எண்ணுங்கள், ஒரே எண்தான் வரும். 'கடினத்தன்மை அப்படியே இருக்கும், படிவுதான் ஒட்டாது' என்று விற்பவர் சமாளிப்பார். அப்படியானால், ஆறு மாதத்தில் கீசரில் படிவு சேர்ந்தால் பணம் வாபஸ் என்று பில்லிலேயே எழுதிக் கேளுங்கள்.