பகலில் பிரசங்கம், இரவில் கூத்து

அன்புள்ள அண்ணா,

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வீட்டு வேலை முடிந்து ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் எழுத உட்கார முடியும். பாலாறு பற்றி இரண்டு மாதம் உழைத்து ஒரு நீண்ட கட்டுரை எழுதி என் தளத்தில் போட்டேன். நாற்பது பேர் படித்திருந்தால் அதிகம். அதையே இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், எக்ஸ், வாட்ஸப் என்று பிரித்துப் போடு என்கிறார்கள் தோழிகள். எனக்கு அரைத்த மாவையே அரைப்பது போலக் கூச்சமாக இருக்கிறது. எழுதக் கிடைக்கிற கொஞ்ச நேரமும் அதில் போய்விடுமோ என்ற பயம் வேறு. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

க., ஆம்பூர்

அன்புள்ள க.,

கடிதம் வந்த அன்றே உங்கள் கட்டுரையைத் தேடிப் படித்தேன். கோடையில் உங்கள் பாட்டி ஆற்று மணலை முழங்கை ஆழம் தோண்டி, ஊற்று தெளியும்வரை காத்திருந்து, கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றுகிற பத்தியில் நின்றுவிட்டேன். முதல் இரண்டு முறை மொண்டதை வெளியே கொட்டிவிடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நாற்பது பேர்தான் படித்தார்கள் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் கூச்சம். நான் ஆற்காடு பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவன். எங்கள் பக்கம் திரௌபதியம்மன் திருவிழா என்றால் நாள்கணக்கில் பாரதம்தான். மத்தியானம் பிரசங்கியார் பந்தலில் உட்கார்ந்து பாட்டைப் படித்துப் பொருள் சொல்வார். வெற்றிலை மென்றபடி கேட்பவர்கள் பெரும்பாலும் வயசானவர்கள். அதே கதை ராத்திரி வேஷம் கட்டிக்கொண்டு விடியவிடியக் கூத்தாக நடக்கும். அர்ச்சுனன் தபசு அன்று உயரமான பனைமரக் கம்பத்தில் பாடிக்கொண்டே ஏறுவார்கள். மேலிருந்து விழுகிற எலுமிச்சம்பழத்துக்கு முந்தானை ஏந்தி நிற்கும் பெண்களில் பலர் பிரசங்கத்தில் ஒரு வரிகூடக் கேட்டிருக்க மாட்டார்கள். கடைசியில் படுகளம். மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் திடலில் மல்லாந்து கிடப்பான். என் வயசுப் பையன்களுக்கு அந்த மீசைதான் பாரதம். இத்தனையையும் பார்த்து, சொன்னதையே சொல்கிறார்கள் என்று ஊரில் யாரும் சலித்துக்கொண்டதில்லை. ஒவ்வொரு இடத்திலும் நிற்கிற ஆள் வேறு, அவனுக்கு வேண்டிய உருவம் வேறு.

உங்கள் கட்டுரை பிரசங்கம். அது தளத்திலேயே முழுசாக இருக்கட்டும். அதைத் துண்டு போடாதீர்கள். அதற்குள் இருப்பதை எடுத்து மறுபடி சொல்லுங்கள்.

இன்ஸ்டாகிராமுக்கு அந்த ஊற்றுப் பத்தி ஒன்றே போதும், ஆறேழு படங்களாக. அங்கே படத்தின் கீழே எழுதுவதற்கு 2200 எழுத்துவரை இடமுண்டு என்றாலும், முதல் ஓரிரு வரிதான் கண்ணில் படும், மீதி மடிந்துவிடும். நந்தி மலையில் தோன்றும் பாலாறு என்று உங்கள் கட்டுரை தொடங்குகிறது. கட்டுரைக்கு அது சரி. இங்கே முதல் வரியிலேயே கொட்டாங்குச்சி வந்துவிட வேண்டும்.

எக்ஸில் 280 எழுத்து என்பார்கள். தமிழுக்கு அது ஏறக்குறையப் பாதிதான். ‘வேலூர்’ நமக்கு மூன்று எழுத்து. கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுவதால் அங்கே ஆறு. ஆகவே ஒரு பதிவுக்கு ஒரே ஒரு செய்தி. பாலாற்றின் 348 கிலோமீட்டரில் 222 தமிழ்நாட்டில் ஓடுகிறது என்று நீங்கள் போகிறபோக்கில் சொன்ன கணக்கே ஒரு முழுப் பதிவு.

வாட்ஸப்பில் எழுதியதை அனுப்பாதீர்கள், குரலில் பேசி அனுப்புங்கள். உங்கள் அத்தையும் பெரியம்மாவும் அடுப்படியில் நின்றுகொண்டே கேட்பார்கள். அப்படியே படித்தால் “தோண்டிக்கொண்டிருந்தார்” என்ற இடத்தில் நாக்கு இடறும். “பாட்டி தோண்டிக்கிட்டே இருப்பாங்க” என்று மாற்றிச் சொல்லுங்கள். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த வேலை. வாய்விட்டுச் சொல்லும்போதுதான் கட்டுரையில் எந்த வாக்கியம் பொய்யாக நிற்கிறது என்று தெரிகிறது. திரும்பிப் போய்த் தளத்திலேயே திருத்தியிருக்கிறேன்.

நேரம் பற்றிக் கேட்டீர்கள். நானும் பகலில் வேலைக்குப் போகிறவன்தான். நான்கு இடத்திலும் கால் வைத்துப் பார்த்தேன். ஆறு மாதம் புதிதாக ஒரு கட்டுரைகூட எழுதவில்லை. இப்போது இரண்டு இடம்தான். எழுதி முடித்த வாரம் கட்டுரையைத் தொடுவதில்லை. அடுத்த ஞாயிறு காலை ஒரு மணி நேரம் ஒதுக்கி, வேறு யாரோ எழுதியதைப் போலப் படித்து, நான் நின்றுவிடுகிற இடத்தில் மட்டும் பென்சிலால் கோடு போடுகிறேன். இரண்டு மூன்று கோடு விழும். அவ்வளவுதான் வெளியே போகும். ஒன்று சொல்ல வேண்டும்: படத்தின் அடியில் உங்கள் பெயரையும் தளத்தின் பெயரையும் சிறியதாகப் போட்டுவிடுங்கள். நான் பெயர் போடாமல் விட்ட ஒரு பத்தி ஊரெல்லாம் சுற்றி, எங்கள் குடும்பக் குழுவுக்கே ‘படித்ததில் பிடித்தது’ என்று வந்து சேர்ந்தது. அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

அப்புறம், வெளியே எடுக்கவே கூடாத ஒரு பகுதி உங்கள் கட்டுரையில் இருக்கிறது. தோல் கழிவு ஆற்றை என்ன செய்தது என்று சொல்லிவிட்டு, அதே தோலில்தான் அப்பா உங்களைப் படிக்கவைத்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அது. அந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் உண்மை. ஒரு படத்தில் முதல் பாதி மட்டும் போனால் வெறும் வசவு. இரண்டாம் பாதி மட்டும் போனால் வக்காலத்து. அதைப் படிக்க விரும்புகிறவர் தளத்துக்கே வரட்டும்.

ஊற்றுப் பத்தியைச் சித்திரை வெயிலில் போடுங்கள். குரலில் பதிவு செய்தால் எனக்கும் ஒன்று அனுப்புங்கள். என் அம்மாவும் பாலாற்றில் ஊற்றுத் தோண்டியவர்தான்; அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, போட்டுக் கேட்க வைக்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்