ஊசியும் குப்பைத் தொட்டியும்: பேஸ்பால் கேள்வி பதில்

பேஸ்பாலில் நடந்த ஊக்கமருந்து விவகாரம் பற்றிக் கேளுங்கள் என்றேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1997 முதல் நான் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் ரசிகன். பாரி பாண்ட்ஸ் எங்கள் ஆள். என் பேச்சில் சாய்வு தெரிந்தால் கழித்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். ஹோம் ரன் எண்ணிக்கைக்காக இருபது ஆண்டுகளுக்கு மேலாகவா சண்டை போடுவார்கள்?

பிராட்மன் என்றதும் 99.94 என்று நீங்கள் சொல்வீர்கள் அல்லவா? அமெரிக்கக் கிழவர்களுக்கு ஒரு சீசனின் 60, 61, வாழ்நாள் மொத்தமான 714, 755 எல்லாம் அப்படி வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். 1927-இல் பேப் ரூத் ஒரே சீசனில் 60 ஹோம் ரன் (நம் சிக்சர் மாதிரி, பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது) அடித்தார். 1961-இல் ரோஜர் மாரிஸ் 61. அதற்குப் பிறகு 37 ஆண்டுகள் ஒருவரும் அதைத் தொடவில்லை. 1998-இல் மார்க் மெக்குவையர் 70, சாமி சோசா 66. 2001-இல் பாண்ட்ஸ் 73. அந்த நான்கு சீசன்களுக்குள் மூன்றே பேர் சேர்ந்து 61-ஐ ஆறு முறை தாண்டிவிட்டார்கள்.

வீட்டுச் சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கோடு போட்டு வைப்பார்களே, அதில் ஒரு பிள்ளை மட்டும் முக்காலி மேல் ஏறி நின்று கோடு போட்டுக்கொண்டால் எப்படி இருக்கும்? ரசிகர்களின் கோபம் அந்த வகை. கோட்டை அழிக்கவும் மனம் வராது, அப்படியே விடவும் மனம் வராது.

கேள்வி: அப்போது விதி என்று ஒன்று இல்லையா? நிர்வாகத்துக்குத் தெரியாமலா நடந்தது?

விதி இருந்தது. 1991-இல் கமிஷனராக, அதாவது லீகின் தலைமை நிர்வாகியாக, இருந்த ஃபே வின்சென்ட், ஸ்டீராய்டு கூடாது என்று எல்லா அணிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பினார். ஆனால் அப்போது பரிசோதனை கிடையாது. ஆட்டக்காரர் சங்கம் அதற்கு ஒப்பவில்லை, முதலாளிகளும் பெரிதாக வற்புறுத்தவில்லை.

ஏன் வற்புறுத்தவில்லை என்பதைப் புரிந்துகொள்ள 1994-ஐப் பார்க்க வேண்டும். வேலைநிறுத்தத்தால் அந்த ஆண்டு சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸே நடக்கவில்லை. வெறுத்துப்போன ரசிகர்களை மைதானத்துக்குத் திரும்ப இழுத்ததில் 1998-இன் ஹோம் ரன் போட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. கறவை மாட்டின் பல்லை யார் பிடித்துப் பார்ப்பார்கள்?

அந்த ஆண்டு மெக்குவையரின் அலமாரியில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஆண்ட்ரோஸ்டெனெடியோன் என்ற தசை வளர்ப்பு மருந்துப் புட்டி இருப்பதை ஒரு செய்தி நிறுவன நிருபர் பார்த்து எழுதினார். ஒலிம்பிக்கில் தடை செய்யப்பட்ட பொருள் அது. பேஸ்பாலில் தடையில்லை, கடையிலேயே விற்றார்கள். கோபம் யார் மீது திரும்பியது தெரியுமா? நிருபர் மீது. அடுத்தவர் அலமாரியை இவன் ஏன் எட்டிப் பார்க்கிறான் என்று அலுவலகத்தில் உரக்கப் பேசியவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் "நாங்கள் ஏமாற்றப்பட்டோம்" என்று என் வயதுக்காரர்கள் புலம்பும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

கேள்வி: ஸ்டீராய்டு போட்டுக்கொண்டால் பந்து மட்டையில் தானாகப் படுமா? கண்ணும் கையும் அவருடையதுதானே?

படாது. மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து பேட்டரை எட்ட அரை நொடிகூட ஆகாது. அதற்குள் அது என்ன பந்து என்று கண்டுபிடித்து மட்டையைச் சுழற்றுவதற்கு எந்த ஊசியும் உதவாது. மருந்து செய்வது வேறு. ஆறு மாதத்தில் 162 ஆட்டம்; ஆகஸ்டில் எல்லோருக்கும் உடம்பு துவண்டுபோகும். மருந்து போட்டவர் சீக்கிரம் தேறிக்கொள்வார், இன்னும் கூடுதலாகப் பயிற்சி எடுப்பார். வேலியோரம் பிடிபட வேண்டிய பந்து சில அடி தள்ளி விழும். பாண்ட்ஸ் 73 அடித்தபோது வயது 36-க்கு மேல். அதற்கு முன் எந்த சீசனிலும் அவர் 49-ஐத் தாண்டியதில்லை.

பந்து வீசும் பிட்சர்களும் போட்டுக்கொண்டார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: பாண்ட்ஸை ஹால் ஆஃப் ஃபேம் என்கிற பேஸ்பால் சாதனையாளர் மண்டபத்தில் சேர்க்க வேண்டுமா? நேரடியாகப் பதில் சொல்லுங்கள், மழுப்பக் கூடாது.

சேர்க்க வேண்டும். மழுப்பாமல் சொல்லியாயிற்று, இனி காரணம்.

அவர் போட்டுக்கொள்ளவில்லை என்று வாதாட மாட்டேன். பால்கோ என்ற கலிஃபோர்னிய நிறுவனம், அன்றைய பரிசோதனையில் சிக்காத மருந்தை விளையாட்டு வீரர்களுக்குக் கொடுத்து வந்தது. அந்த வழக்கில் 2003-இல் சாட்சி சொன்ன பாண்ட்ஸ், தனக்குக் கொடுத்ததை ஆளி விதை எண்ணெய் என்றும் மூட்டுவலித் தைலம் என்றும் நினைத்ததாகச் சொன்னார். தன் உடம்பை அங்குலம் அங்குலமாக அறிந்த மனிதர் என்ன தைலம் என்று கேட்காமலா தடவிக்கொண்டார்? நம்ப மாட்டேன். நீதிக்கு இடையூறு செய்ததாக 2011-இல் தண்டிக்கப்பட்டார். 2015-இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது.

என் ஆத்திரம் வேறு இடத்தில். ஹால் ஆஃப் ஃபேமுக்குப் பத்திரிகையாளர்கள் வாக்களிக்கிறார்கள், 75 சதவீதம் வேண்டும். பத்தாவதும் கடைசியுமான வாய்ப்பில், 2022-இல், பாண்ட்ஸுக்குக் கிடைத்தது 66. அதே ஆண்டு டேவிட் ஓர்டிஸ் 77.9 சதவீதத்தோடு உள்ளே போனார். 2003 பரிசோதனையில் சிக்கியவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருந்ததாக 2009-இலேயே செய்தி வந்தது. அந்த முடிவைச் சந்தேகிக்க இடமிருக்கிறது என்று கமிஷனரே பின்னாளில் சொன்னார், இருக்கட்டும். ஓர்டிஸ் சிரித்த முகம், பாண்ட்ஸ் நிருபர்களைக் கண்டால் கடுகடுப்பார். இந்த வித்தியாசமும் வாக்குச் சீட்டில் விழுந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இதற்கெல்லாம் மேலே, அந்தக் காலம் முழுக்க கமிஷனர் நாற்காலியில் இருந்த பட் செலிக் 2017-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போய்விட்டார்! கல்லாவில் உட்கார்ந்தவருக்கு மாலை, சமைத்தவனுக்கு மட்டும் பழி.

கேள்வி: எதிரணி ஊர்களில் பாண்ட்ஸை எப்படி நடத்தினார்கள்? நேரில் பார்த்தீர்களா?

எங்கள் ஊரில் அவர் தெய்வம். மைதானத்தின் வலப்பக்கச் சுவருக்குப் பின்னால் கடல். அவர் அடிக்கும் பந்து தண்ணீரில் விழுமென்று சிறு படகுகளில் காத்துக் கிடப்பார்கள். அப்படி 35 பந்துகளைக் கடலில் போட்டிருக்கிறார். சில நாள் நானும் மதிலோரம் நின்றிருக்கிறேன். பந்து விழும் சத்தம் கேட்காது. படகோட்டிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் துடுப்பு போடுவதைப் பார்த்துத்தான் விழுந்த இடம் தெரியும்.

வெளியூரில் வேறு கதை. 2006 சீசன் தொடக்கத்தில் சான் டியேகோவில் ஒருவர் ஊசியில்லாத சிரிஞ்சைக் களத்துக்குள் எறிந்தார். பாண்ட்ஸ் குனிந்து அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு நின்றார். மறுநாள் தொலைக்காட்சியில் அதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

2007-இல் அவர் 755-ஆவதை அடித்து ஹாங்க் ஆரனின் வாழ்நாள் சாதனையைச் சமன் செய்தபோது, செலிக் எழுந்து நின்றார், ஆனால் கையைச் சட்டைப்பைக்குள்ளிருந்து எடுக்கவில்லை. ஆகஸ்ட் 7-இல் விழுந்த 756-ஆவது பந்தை மார்க் எக்கோ என்ற ஆடை வடிவமைப்பாளர் 7,52,467 டாலருக்கு ஏலத்தில் எடுத்து, இதை என்ன செய்யலாம் என்று மக்களிடமே வாக்குக் கேட்டார். 47 சதவீதம் பேர், சந்தேகத்துக்குரிய சாதனை என்று காட்டும் நட்சத்திரக் குறி பொறித்து ஹால் ஆஃப் ஃபேமுக்கு அனுப்பச் சொன்னார்கள். 34 சதவீதம் அப்படியே அனுப்பச் சொன்னார்கள். மிச்சமிருந்த 19 சதவீதம், ராக்கெட்டில் ஏற்றி விண்வெளிக்கு அனுப்பு என்றது. பந்து இன்று குறியோடு ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறது. ஆள் வெளியே, பந்து உள்ளே.

கேள்வி: அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் சுத்தமானவர்கள் என்கிறார் என் மாமனார்.

மாமனாரிடம் கேலார்ட் பெர்ரி பற்றிக் கேளுங்கள். பந்தில் எச்சில் தடவுவது 1920-இலேயே தடை செய்யப்பட்டது. பெர்ரி எச்சில், வாஸ்லின் எல்லாம் தடவி 300-க்கு மேல் ஆட்டங்களை வென்றார். நடுவர்கள் அதற்காக அவரை வெளியேற்றியது ஒரே ஒரு முறை, 1982-இல். 1991-இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துக்கொண்டார்கள். அவரும் பழைய ஜயன்ட்ஸ்காரர்தான், என்ன செய்வது! சோர்வைப் போக்கிச் சுறுசுறுப்பூட்டும் ஆம்ஃபெட்டமின் மாத்திரைகளும் உடைமாற்றும் அறைகளில் பல பத்தாண்டுகள் சர்வசாதாரணம். அவற்றுக்குப் பரிசோதனை வந்தது 2006-இல்.

கேள்வி: ஊக்கமருந்து, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸின் குப்பைத் தொட்டி. இரண்டில் எது பெரிய குற்றம்?

என்னைக் கேட்டால் குப்பைத் தொட்டி. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் அப்போதெல்லாம் விரல்களைக் காட்டி, என்ன பந்து வீச வேண்டும் என்று பிட்சருக்குச் சைகை செய்வார். 2017-இல் ஆஸ்ட்ரோஸ் அதைக் கேமராவில் பிடித்து, களத்தையொட்டிய நடைவழியில் இருந்த திரையில் பார்த்து, வேகம் குறைந்த பந்து வரப்போகிறது என்றால் குப்பைத் தொட்டியில் மட்டையால் அடித்துத் தங்கள் பேட்டருக்குச் சொன்னது. சத்தம் இல்லையென்றால் வேகப்பந்து. களத்தில் ஓடுபவர் வெறும் கண்ணால் சைகையைத் திருடினால் யாரும் குறை சொல்வதில்லை; மின்னணுக் கருவி கூடாது என்பதுதான் விதி.

மருந்து போட்டவரும் என்ன பந்து வருகிறது என்று ஊகித்துத்தான் அடிக்க வேண்டும். இங்கே அந்த ஊகமே இல்லை. வினாத்தாளை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு தேர்வு எழுதுவது போல.

ஆஸ்ட்ரோஸ் ரசிகர் ஒருவரே அந்த ஆண்டின் 58 ஆட்டங்களின் ஒளிப்பதிவைக் காதைத் தீட்டிக் கேட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட தட்டல்களை எண்ணி வெளியிட்டார். சொந்த அணியின் திருட்டை உட்கார்ந்து எண்ணிய அந்த மனிதருக்கு என் வணக்கம். அவர் கணக்கில் மிக அதிகமான தட்டல்கள், 54, ஆகஸ்ட் 4-ஆம் தேதி ஆட்டத்தில். அன்று டொரான்டோவுக்காக வீச வந்த மைக் போல்சிங்கர் ஒரே ஒரு பேட்டரை அவுட்டாக்குவதற்குள் நான்கு ரன் கொடுத்தார். உச்ச நிலை லீகான மேஜர் லீகில் அதற்குப் பிறகு அவர் வீசவே இல்லை.

தண்டனை? அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதம், மேலாளர்கள் இருவருக்கு ஓராண்டுத் தடை. உண்மையைச் சொன்னால் நடவடிக்கை இல்லை என்று வாக்குக் கொடுத்ததால் ஆட்டக்காரர்களில் ஒருவருக்கும் தண்டனை கிடையாது. கோப்பையும் அவர்களிடமே. அந்த வேர்ல்ட் சீரிஸில் தோற்றது எங்கள் பரம எதிரி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். டாட்ஜர்ஸ் தோற்றதற்காக நான் வருத்தப்பட்டது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்.

கேள்வி: இப்போது பிடிபட்டால் என்ன தண்டனை?

முதல் முறை 80 ஆட்டம், இரண்டாம் முறை 162, மூன்றாம் முறை நிரந்தரத் தடை. 2005-இல் முதல் தண்டனை வெறும் பத்து நாள்தான்.

கேள்வி: ஐயா, என் மகனுக்குப் பதினொரு வயது. ஒரு சீசனில் அதிக ஹோம் ரன் யார் அடித்தது என்று கேட்கிறான். 73 என்பதா, 2022-இல் ஆரன் ஜட்ஜ் அடித்த 62 என்பதா?

62-தான் உண்மைச் சாதனை என்று மாரிஸின் மகனே சொன்னார். பல ரசிகர்களும் அப்படித்தான் கருதுகிறார்கள். ஆனால் பதிவேட்டில் இருப்பது 73, அதைச் சொல்லுங்கள். ஏன் சிலர் அதை ஏற்பதில்லை என்று அடுத்த கேள்வி கேட்பான். அப்போது 1998 புட்டியிலிருந்து தொடங்குங்கள், அலமாரியை எட்டிப் பார்த்தவரைத் திட்டிய எங்களையும் சேர்த்து.

கேள்வி: உங்களிடம் பாண்ட்ஸ் சட்டை இருக்கிறதா?

இருக்கிறது. 25-ஆம் எண், கழுத்துப் பட்டை நைந்துவிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் போகும்போது மட்டும் போட்டுக்கொள்வதில்லை.