சரவுண்டு எங்க, சீலிங் ஸ்பீக்கர் எங்க?

கேள்வி: அண்ணே, மாடில 10க்கு 14 ரூம், அடுத்த வாரம் ஃபால்ஸ் சீலிங் போடறோம், சோஃபா பின்சுவத்தோட ஒட்டி வருது. ஹோம் தியேட்டருக்கு 5.1.2 அட்மாஸ் (மேலேந்தும் சத்தம் வர்ற டால்பி முறை; சுத்தி அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், சீலிங்ல ரெண்டு) ஸ்பீக்கர்லாம் எங்க வைக்கிறது?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: மொதல்ல சோஃபாவ ரெண்டடி முன்னாடி இழுங்க தம்பி, தலை சுவத்தோட ஒட்டியிருந்தா பேஸ் (தாழ்ந்த அதிர்வு சத்தம்) குமுறும். சரவுண்டு (பக்கவாட்டுலேந்து சத்தம் தர்ற ஸ்பீக்கர்) ரெண்டையும் மூலைல பரண் ஒசரத்துல மாட்டச் சொல்வாங்க, கேக்காதீங்க, உக்காந்தா காது மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, ரெண்டு பக்கமும் லேசா பின்னால, நேரா ஸ்கிரீன பாக்கற தெசைலேந்து 110 டிகிரி வாக்குல வரணும், இல்லன்னா மேல போற ஹெலிகாப்டரும் பக்கத்துல போற ஆட்டோவும் ஒரே எடத்துலேந்து கேக்கும், அதுக்கா இவ்ளோ செலவு? சீலிங் ரெண்டும் தலைக்கு சற்று முன்னால, முன் ஸ்பீக்கர் அகலத்துக்கே, ஃபேன் றெக்கை மறைக்காம. போர்டு அடைக்கறதுக்கு முன்னாடியே பைப்புல ஒயர் இழுத்துடுங்க, பின்னால 5.1.4 (சீலிங்ல நாலு ஸ்பீக்கர்) ஆசை வரும், அதுக்கும் சேர்த்து.