கோல்ஃபில் 60 டிகிரி வெட்ஜ் வாங்கினால் என் சிப்பிங் சரியாகுமா?

ஆகாது. இப்போதைக்கு அந்தக் காசைப் பத்திரமாக வையுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: ஹேண்டிகேப் 22 (நடுத்தர ஆட்டக்காரர் என்று பொருள்), கிரீனுக்கு, அதாவது குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, பக்கம் வரை வந்து சேர்வதில் பெரிய சிக்கல் இல்லை, ஆனால் அங்கிருந்து சிப் (பந்தைக் கொஞ்சம் பறக்கவிட்டு உருளவிடும் சிறு அடி) அடித்தால் ஒன்று கிளப் மண்ணைக் குத்திப் பந்து இரண்டடி நகர்கிறது, இல்லையென்றால் டாப் ஆகி கிரீனைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுகிறது. கூட ஆடுகிறவர்கள் "கையை முன்னால் வை, பந்தைப் பின்னால் வை, தலையைத் தூக்காதே" என்கிறார்கள், அப்படியே செய்தும் பலன் இல்லை, ஆகவே 60 டிகிரி லாப் வெட்ஜ் (பந்தை உயரே தூக்கும், முகம் மிகச் சாய்ந்த கிளப்) வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

மண்ணைக் குத்தி டஃப் ஆவதும் டாப் ஆவதும் இரண்டு தனித்தனித் தவறுகள் என்று நினைத்து, ஒரு ஷாட்டில் மண்ணைக் குத்தினால் அடுத்த ஷாட்டில் கிளப்பைக் கொஞ்சம் தூக்கி அடிக்கிறோம், அது டாப் ஆனதும் அதற்கடுத்ததில் இறக்கி அடிக்கிறோம், இப்படியே பதினெட்டு ஹோலும் முடிந்துவிடுகிறது. உண்மையில் இரண்டும் ஒரே தவறு. கிளப் கீழே வந்து, ஓர் இடத்தில் தரையை நெருங்கி, அப்புறம் மேலே ஏறுகிறது. அந்த மிகத் தாழ்ந்த இடம் பந்துக்கு நேராகவோ, அதைவிட இலக்குப் பக்கம் கொஞ்சம் தள்ளியோ இருக்க வேண்டும். உங்களுக்கு அது பந்துக்கு மூன்று நான்கு அங்குலம் பின்னாலேயே முடிந்துவிடுகிறது. அங்கே தரையைத் தொட்டால் டஃப். தொடாமல் தப்பித்தாலும் கிளப் ஏற்கெனவே மேலே ஏற ஆரம்பித்திருக்கும், அடி விளிம்பு பந்தின் நடு வயிற்றில் படும், பந்து தரையோடு பறக்கும்.

ஏன் பின்னால் முடிகிறது? பந்தைத் தூக்க நினைப்பதால். உடல் எடை வலது காலுக்குப் போகிறது, மணிக்கட்டு ஒரு சுண்டு சுண்டுகிறது. (வலது கை ஆட்டக்காரர் என்று வைத்து எழுதுகிறேன், இடது கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.) பந்தைத் தூக்குவது லாஃப்ட், அதாவது கிளப் முகத்தின் சாய்வு, செய்ய வேண்டிய வேலை. கையில் 56 டிகிரி சாய்வை வைத்துக்கொண்டு நாமும் சேர்ந்து தூக்கத் தேவையில்லை. 60 டிகிரி வாங்கினால் இது இன்னும் மோசமாகும், ஏனென்றால் லாஃப்ட் கூடக்கூட அதே தூரத்துக்கு இன்னும் பெரிய ஸ்விங் வேண்டும், பெரிய ஸ்விங்கில் பிழையும் பெரிதாக வரும்.

இனி அந்த "கை முன்னால், பந்து பின்னால்" அறிவுரை. நம் ஊர் கோல்ஃப் மன்றங்களில் இதைச் சொல்லாதவரே கிடையாது. பாதி சரி, அதுதான் ஆபத்து. வெட்ஜின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், முன் விளிம்பைவிடப் பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து புடைத்திருக்கும். அந்தக் கோணத்துக்குத்தான் பவுன்ஸ் என்று பெயர். 1930களின் தொடக்கத்தில் ஜீன் சராசென் தன் வெட்ஜின் அடியில் ஈயப்பற்று வைத்துப் புடைப்பாக்கி, அதை எடுத்துக்கொண்டு போய் 1932 பிரிட்டிஷ் ஓபனை ஜெயித்தார். மணலுக்காகச் செய்தது, ஆனால் புல்லிலும் அதே வேலைதான்: கிளப் கொஞ்சம் பின்னால் இறங்கினாலும் குத்தி நிற்காமல் வழுக்கிக்கொண்டு பந்துக்குப் போய்ச் சேரும். நீங்கள் கையை எவ்வளவு டிகிரி முன்னால் சாய்க்கிறீர்களோ, ஏறக்குறைய அவ்வளவு பவுன்ஸ் குறைந்துபோகும். 10 டிகிரி பவுன்ஸ் உள்ள வெட்ஜைப் 10 டிகிரி சாய்த்துவிட்டால் மிச்சம் இருப்பது கூரான முன் விளிம்பு மட்டும். கோடையில் நம் சமவெளி மைதானங்களில் புல் ஒட்ட வெட்டி, தரை காய்ந்து கட்டாந்தரையாக இருக்கும்போது அந்த விளிம்பு அரை அங்குலம் பின்னால் பட்டாலும் கதை முடிந்தது.

அதனால் நான் சொல்வது வேறு. கால்கள் இரண்டையும் நெருக்கி வையுங்கள், நடுவில் ஒரு கிளப் தலை அளவு இடைவெளி போதும். பந்து நடுவிலோ, வலது பக்கம் ஒரு துளி தள்ளியோ இருக்கட்டும், வலது பாதத்துக்கு வெளியே வேண்டாம். எடையில் முக்கால்வாசி இடது காலில், ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அங்கேயே. கை பந்துக்கு நேராக அல்லது ஒரு விரற்கடை முன்னால், அவ்வளவுதான். பிடியைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடியுங்கள். ஸ்விங் செய்யும்போது சட்டைப் பொத்தான்கள் இலக்கைப் பார்க்கத் திரும்ப வேண்டும்.

"தலையைத் தூக்காதே" என்பதை இதனால்தான் நான் யாருக்கும் சொல்வதில்லை. அதைக் கேட்டவர்கள் தலையோடு சேர்த்து நெஞ்சையும் பூட்டிவிடுகிறார்கள். உடம்பு நின்றதும் கை மட்டும் தனியாக முந்திக்கொண்டு சுண்டும், பழைய தவறு மறுபடியும் வரும். பந்து போன பிறகு தலை உடம்போடு சேர்ந்து திரும்பினால் ஒன்றும் கெட்டுப்போகாது.

இதற்கு எதிர் உதாரணமும் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. நார்வேக்காரர் விக்டர் ஹோவ்லாண்ட் தன் சிப்பிங் மோசம் என்று தானே வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். ஜோ மேயோ என்ற பயிற்சியாளர் அவரைச் சரியாக நேர்மாறாக மாற்றினார், கிளப் இன்னும் செங்குத்தாக இறங்க வேண்டும் என்று. 2023இல் ஹோவ்லாண்ட் அமெரிக்க பிஜிஏ டூரின் சீசன் பட்டமான ஃபெடெக்ஸ் கப்பையே ஜெயித்தார். ஆனால் அவருடைய ஸ்விங் மிகத் தட்டையாக வந்துகொண்டிருந்தது, அதற்கான வைத்தியம் அது. ஒரு யூடியூப் வீடியோவில் "செங்குத்தாக அடி" என்றும் அடுத்ததில் "வழுக்கி அடி" என்றும் வந்தால் குழம்பாதீர்கள், இருவரும் வேறுவேறு ஆட்களிடம் பேசுகிறார்கள். டிவாட்டை (அடியில் பெயரும் புல்துண்டை) ஆழமாக வெட்டுகிறவரா நீங்கள், புல்லையே தொடாதவரா என்று முதலில் பாருங்கள். உங்கள் விவரணையைப் படித்தால் முதல் வகை என்றுதான் தோன்றுகிறது.

சரி, இதைவிட முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வி முழுக்கக் கிளப்பைப் பற்றியும் ஸ்விங்கைப் பற்றியும் இருக்கிறது. பந்து எங்கே விழ வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. பெரும்பாலானவர்கள் கொடிக்கம்பைப் பார்த்தே சிப் அடிக்கிறார்கள், அது போய்ச் சேர வேண்டிய இடம், விழ வேண்டிய இடம் இல்லை. 1987 மாஸ்டர்ஸ் போட்டியின் சமநிலை முறிக்கும் பிளேஆஃபில் லாரி மைஸ் சுமார் 140 அடி தூரத்திலிருந்து சிப்பை நேராகக் குழியில் போட்டு கிரெக் நார்மனை வீழ்த்தினாரே, தேடிப் பாருங்கள்: பந்து கிரீனுக்கு வெளியிலேயே விழுந்து, துள்ளி, அப்புறம் உருண்டு போகிறது. கிரீனுக்கு அந்தப் பக்கம் தண்ணீர். உயரே அடித்து நிறுத்தலாம் என்ற ஆசைக்கே அவர் இடம் கொடுக்கவில்லை.

நான் பயன்படுத்தும் கணக்கு ரொம்ப எளிது. கிரீன் விளிம்பிலிருந்து ஓர் எட்டு (காலடி) உள்ளே வைத்தால் வரும் இடம்தான் விழும் இடம், முடிந்தவரை எப்போதும் அதுவே. கிளப்பைத்தான் மாற்றுகிறேன். சாண்ட் வெட்ஜில் பந்து பறக்கும் தூரம் அளவுக்கே உருளும், பிட்சிங் வெட்ஜ் அதைப்போல இரண்டு மடங்கு, 9 அயர்ன் மூன்று மடங்கு, 8 அயர்ன் நான்கு மடங்கு. பந்து கிரீன் விளிம்பிலிருந்து மூன்று எட்டு தள்ளி இருக்கிறது, கொடி விளிம்பிலிருந்து ஒன்பது எட்டு உள்ளே என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் பன்னிரண்டு. நான்கு எட்டு பறக்க வேண்டும், 8 எட்டு உருள வேண்டும், ஆகவே பிட்சிங் வெட்ஜ். அதே இடத்திலிருந்து கொடி பதின்மூன்று எட்டு உள்ளே இருந்தால் நான்கு பறந்து பன்னிரண்டு உருள வேண்டும், 9 அயர்ன். ஸ்விங் இரண்டிலும் ஒன்றுதான், இதில்தான் சுகமே. ஒரே ஸ்விங்கை நன்றாகப் பழகிக்கொண்டு மிச்சத்தைக் கூட்டல் கழித்தலிடம் விட்டுவிடலாம்.

இந்த விகிதம் சமமான, நடுத்தர வேகக் கிரீனுக்கு. ஏற்றம் என்றால் ஒரு கிளப் நீளமாக (பிட்சிங் வெட்ஜுக்குப் பதில் 9 அயர்ன்), இறக்கம் என்றால் ஒரு கிளப் குட்டையாக எடுங்கள். அதிகாலைப் பனி ஈரத்தில் பந்து சீக்கிரம் நிற்கும், மத்தியான வெயிலில் ஓடும், ஆகவே காலையில் முதல் ஹோலில் சரியாக இருந்த கணக்கு பதினைந்தாவது ஹோலில் உதைக்கலாம். அப்புறம் புல்லின் போக்கு. இங்கே மன்றங்களில் பெர்முடா என்று சொல்கிறோமே, அது நம் அருகம்புல் குடும்பம்தான், தரையோடு படர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். பளபளவென்று வெளிறித் தெரிந்தால் புல் உங்களை விட்டு அப்பால் சாய்ந்திருக்கிறது, பந்து ஓடும். கருப்பச்சையாகத் தெரிந்தால் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, பந்து பிடித்து நிற்கும். கிரீனுக்கு வெளியே உங்கள் பந்தே எதிர்ப்புல்லில் கிடந்தால் வெட்ஜின் விளிம்பை அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அங்கே பழைய கேடிகள் (கிளப் பையைச் சுமந்து வருபவர்கள்) பந்தை உருட்டும் கிளப்பான புட்டரை எடுத்து நீட்டுவார்கள், வெட்கப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். சுமாரான புட் ஐந்தடியில் நிற்கும், சுமாரான சிப் எங்கே நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். இந்திய வீராங்கனை அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தாரே, தூரம் அடிப்பதில் அவர் அங்கிருந்தவர்களில் கடைசி வரிசை. கிரீனிலும் கிரீனைச் சுற்றியும்தான் அவர் அந்த இடத்துக்கு வந்தார்.

பயிற்சிக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: டிரைவிங் ரேஞ்ச் பிளாஸ்டிக் பாயில் சிப் பழகாதீர்கள். மூன்று அங்குலம் பின்னால் அடித்தாலும் கிளப் வழுக்கிப் போய்ப் பந்தை அழகாகத் தூக்கிக் காட்டும், நீங்களும் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுவீர்கள். புல்லில் பழகுங்கள். முதல் பத்து நிமிடம் பந்தே வேண்டாம், வாசல் பெருக்கும் துடைப்பம் தரையைத் தடவுவதுபோல கிளப் ஒரே இடத்தில் புல்லைத் தடவும் வரை ஆட்டிக்கொண்டிருங்கள். அப்புறம் பந்துக்கு அரை அடி பின்னால் ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதைத் தொடாமல் அடியுங்கள். எடை இடது காலில் நிற்கிறதா என்று சந்தேகம் வந்தால் வலது பாதத்தைப் பின்னால் இழுத்து விரல் நுனியில் மட்டும் ஊன்றிக்கொண்டு அடித்துப் பாருங்கள், ஏமாற்ற வழியே இருக்காது. ஒரே இடத்தில் ஐம்பது பந்து கொட்டி அடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு பந்து, ஒரு புட்டர், இரண்டு கிளப், ஒவ்வொரு தடவையும் வேறு இடம், சிப் அடித்துவிட்டுப் போய்ப் புட்டையும் முடியுங்கள். மைதானத்தில் உங்களுக்கு இரண்டாவது பந்து தர மாட்டார்கள்.

ரஃப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நீளப்புல் கிளப்பின் கழுத்தைச் சுற்றி முகத்தை மூடிவிடும், அதனால் முகத்தைச் சற்றுத் திறந்து வைத்து, இடது கையை இறுக்கமாகப் பிடித்து, கொஞ்சம் கூடுதல் வேகத்தோடு அடியுங்கள். இங்கே மட்டும் சாண்ட் வெட்ஜ்தான், 9 அயர்ன் வேலை செய்யாது.

இதெல்லாம் செய்தும் கிளப்பைக் கையில் எடுத்ததுமே கை நடுங்குகிறது என்றால் அது வேறு விவகாரம், யிப்ஸ். 2005 மாஸ்டர்ஸ் பதினாறாவது ஹோலில் குழியில் விழுந்த அந்தப் புகழ்பெற்ற சிப்பை அடித்த டைகர் வுட்ஸே 2015 ஃபீனிக்ஸ் ஓபனில் கிரீனைச் சுற்றித் திணறி ஒரு சுற்றுக்கு 82 ஸ்ட்ரோக் அடித்தார், ஆகவே இது திறமைக் குறைவு இல்லை. அப்போது பிடியை மாற்றிப் பாருங்கள், இடது கை கீழே, வலது கை மேலே. 2022 யுஎஸ் ஓபன் சாம்பியன் மாட் ஃபிட்ஸ்பாட்ரிக் இப்படித்தான் சிப் அடிக்கிறார். சுண்டுகிற மணிக்கட்டுக்கு அந்தப் பிடியில் இடமே கிடைக்காது.

கடைசியாக ஒரு விதி, ஏனென்றால் ரஃபில் சிப் அடிக்கும்போது கிளப் பந்தை இரண்டு தடவை தொடுவது உங்கள் நிலையில் அடிக்கடி நடக்கும். 1985 யுஎஸ் ஓபன் கடைசி நாளில் தைவானின் டி.சி. சென் நான்கு ஸ்ட்ரோக் முன்னிலையில் இருந்தார், ஐந்தாவது ஹோலில் இப்படி ஒரு இரட்டைத் தொடுகைக்கு அபராதமும் சேர்ந்து அந்த ஒரு ஹோலுக்கே எட்டு ஸ்ட்ரோக் எழுதினார், கடைசியில் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் தோற்றார். 2019இலிருந்து அந்த அபராதம் கிடையாது, தெரியாமல் பட்டால் அது ஒரே ஸ்ட்ரோக்தான். சனிக்கிழமைக் காலைக் குழுவில் யாராவது பெரியவர் "இரண்டாகக் கணக்கு வை" என்றால் விதி 10.1ஐப் போனில் எடுத்துக் காட்டிவிடுங்கள்.